மாவுப்பூச்சிக்கு வந்த குளவி மலையடிக்கும் வர வேண்டும்

கொல்லிமலையிலிருந்து இறங்கும் ஐயாறு சமவெளியைத் தொடும் இடம் புளியஞ்சோலை. திருச்சி மாவட்டம் துறையூர் வட்டத்தைச் சேர்ந்த இந்த ஊருக்கு ஆற்றில் குளிக்க வருவோர் பலர். அவர்கள் கவனிக்காமல் கடந்துபோகும் பயிர் மரவள்ளி. சேலம், நாமக்கல் பக்கங்களில் குச்சிக் கிழங்கு என்பார்கள். மலைமேலும் சரி, அடிவாரத்திலும் சரி, கிணறு இல்லாத சிறு விவசாயி ரொக்கம் பார்ப்பது இந்தக் கிழங்கில்தான். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த மலைக்காடுகளில் பெரும்பகுதியை ஓர் அரை நூற்றாண்டுக்குள் மரவள்ளி பிடித்துக்கொண்டது. அது நல்லதா கெட்டதா என்பது தனி வாதம். இன்றைக்கு அந்தக் குடும்பங்களின் கடனும் கல்யாணமும் கிழங்கு வெட்டும் மாதத்தை நம்பி நிற்கின்றன என்பதே நிலைமை.

விஞ்ஞான ஆராய்ச்சியில் முன்னேற்றம் என்றால் ராக்கெட்டும் கம்ப்யூட்டரும் நினைவுக்கு வருவது இயல்பு. ஓர் ஏக்கர் மானாவாரி மரவள்ளி வைத்திருப்பவருக்கோ, அண்மை ஆண்டுகளில் நடந்த ஆராய்ச்சிகளில் முதலிடம் பெற வேண்டியது ஒரு குளவி. எள்ளில் பாதி கூட இராத, மனிதரைக் கொட்டத் தெரியாத குளவி அது. அனாகைரஸ் லோபெசி என்பது அதன் பெயர். பெயரை மறந்தாலும் பாதகமில்லை. அதன் வேலையை மறக்கக் கூடாது.

மரவள்ளி மாவுப்பூச்சி 2020ஆம் ஆண்டு கேரளத்தில் திருச்சூர்ப் பகுதியில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு சேலம், நாமக்கல் வட்டாரங்களிலும் மற்ற மரவள்ளி மாவட்டங்களிலும் பரவியது. வெளிர் சிவப்பு உடம்பின் மேல் வெள்ளை மாவு பூசியதுபோல் இருக்கும். நுனிக்குருத்தில் கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சும்போது, அதன் உமிழ்நீரில் உள்ள நச்சு செடிக்குள் இறங்குகிறது. கணுக்களின் இடைவெளி குறுகி, நுனி இலைகள் சுருண்டு முட்டைக்கோசு போலத் திரண்டுவிடுகின்றன. முற்றிய நிலையில் இலை உதிர்ந்து தண்டு மட்டும் நிற்கும். இலை இல்லாவிட்டால் மாவுச்சத்து ஏது? சேகோ ஆலைகளில் கிழங்குக்கு விலை போடுவது பாயிண்ட் கணக்கில் என்பது எல்லோருக்கும் தெரியும். எடையும் குறைந்து பாயிண்டும் இறங்கினால் லாரி வாடகைக்குக் கூடக் கட்டாது.

இப்பூச்சியில் ஆண் என்பதே கிடையாது. பெண் பூச்சி இணை சேராமலேயே நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஆகவே ஒரே ஒரு பூச்சி ஒட்டிய விதைக்குச்சி ஒரு காட்டையே கெடுக்கப் போதும். மழைக்காலத்தில் ஓரளவு கழுவப்பட்டுப் போகும். மாசி, பங்குனி வறட்சியில் தலையெடுக்கும்.

இந்தத் துன்பம் நமக்கு முன்பே ஆப்பிரிக்காவுக்கு வந்தது. அங்கே கோடிக்கணக்கானோருக்கு மரவள்ளியே சோறு. தென் அமெரிக்காவில் பிறந்த இப்பூச்சி 1973இல் காங்கோ ஆற்றுப் பகுதியில் காணப்பட்டு, சில ஆண்டுகளில் நாடு நாடாகப் பரவியது. பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிஸ் நாட்டு விஞ்ஞானியும் அவரோடு பணிபுரிந்தவர்களும் மருந்தைத் தேடவில்லை. பூச்சியின் பிறந்த மண்ணைத் தேடினார்கள். பிறந்த மண்ணில் அது ஏன் கொள்ளை நோயாகவில்லை என்று கேட்டால், அதைத் தின்று அடக்கும் ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது என்றுதானே பொருள்?

முதலில் தென் அமெரிக்காவின் வடபகுதியில் ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தது. ஆனால் வேறு இனம். அதைத் தாக்கும் ஒட்டுண்ணிகள் ஆப்பிரிக்கப் பூச்சியைச் சீந்தவே இல்லை. 1981இல் பராகுவே நாட்டில்தான் சரியான பூச்சியும், அதன் உடம்புக்குள் முட்டையிடும் இந்தக் குளவியும் கிடைத்தன. அதே ஆண்டு நைஜீரியாவில் குளவி விடப்பட்டது. பின்னர் இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகளில் அது நிலைத்துவிட்டது. ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. 2008இல் பூச்சி தாய்லாந்துக்கு வந்தபோதும் இதே குளவியே அடுத்த ஆண்டு அங்கே வரவழைக்கப்பட்டது.

பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து இந்தக் குளவியைத் தருவித்தது. நம் நாட்டில் நன்மை செய்யும் பூச்சி எதையும் இது கெடுக்குமா என்று பூட்டிய ஆய்வகத்தில் சோதித்தபின், 2022 மார்ச் மாதம் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதலில் வயலில் விட்டார்கள். பூச்சி கண்டறியப்பட்டு இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் குளவி வந்தது. கடன் வாங்கிக் குச்சி நட்டவருக்கு இரண்டு ஆண்டு நெடுங்காலம். என்றாலும் சோதனை இல்லாமல் அயல்நாட்டு உயிரைத் திறந்துவிடுவது நெருப்போடு விளையாடுவது. அந்தத் தாமதத்தைக் குறை சொல்வதற்கில்லை.

குறை சொல்ல வேண்டியது வேறு. கடைவீதியில் மருந்து டப்பா எந்நேரமும் கிடைக்கிறது. குளவி எந்தக் கடையிலும் இல்லை. ஒரு முறை விட்டால் தானே பெருகித் தானே பறந்து பக்கத்துக் காட்டுக்கும் போகும் ஒன்றை விற்று எந்த வியாபாரியும் பிழைக்க முடியாது. சிறு விவசாயிக்கு இதைவிட மலிவான விஞ்ஞானம் இல்லை. ஆனால் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆர்வம் சந்தைக்கு வராது. அரசுத் துறைகளும் பல்கலைக்கழகமும்தான் சேர்க்க வேண்டும். அங்கேயும் ஒரு சங்கடம் உண்டு. இத்தனை ஏக்கரில் மருந்து தெளிக்கப்பட்டது என்று பதிவேட்டில் எழுதுவது எளிது. இத்தனை ஏக்கரில் குளவி நிலைத்தது என்று எழுத, யாராவது காட்டுக்குள் இறங்கி நுனிக்குருத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

புளியஞ்சோலைக்கு இதில் இன்னொரு கஷ்டமும் உண்டு. மலையின் மேல்பகுதி நாமக்கல் மாவட்டம்; அடிவாரம் திருச்சி மாவட்டம். மாவுப்பூச்சிக்கு மாவட்ட எல்லை தெரியாது. காற்றிலும், ஆடு மாடு ஆள் மேல் ஒட்டியும், விதைக்குச்சிக் கட்டோடும் அது மேலும் கீழும் போய்வரும். மேலே மட்டும் குளவியை விட்டுக் கீழே மருந்தடித்தாலும், கீழே விட்டு மேலே அடித்தாலும் வேலை பாதியில் நிற்கும். இரண்டு மாவட்டத் தோட்டக்கலைத் துறையும் மலையை ஒரே மலையாகக் கருதித் திட்டமிடுவதே முறை. மாநாட்டு மேடையில் விநியோகிக்கும் குளவிப் புட்டிகள் பஸ் வசதியுள்ள ஊர்க்காரர் கைக்கே போகும். மலை விவசாயிக்கு மலையில்தான் தர வேண்டும்.

விவசாயப் பெருமக்கள் பக்கமும் பொறுப்பு இருக்கிறது. மாவுப்பூச்சியைக் கண்டதும் தெளிப்பானைத் தோளில் மாட்டுவது பழக்கமாகிவிட்டது. மெழுகுப் பூச்சும் சுருண்ட குருத்தும் பூச்சிக்குக் கவசம். மேலே விழும் மருந்து உள்ளே போவது கொஞ்சம். வெளியே பறந்து திரியும் குளவியும் பொறிவண்டும்தான் முதலில் சாகின்றன. ஒருவர் தெளித்தால் அவருடைய குளவி மட்டுமா சாகிறது? வரப்புக்கு அப்பால் இருப்பவருடையதும்தான். போதாக்குறைக்கு மலைச்சரிவில் தெளித்தது முதல் மழையில் ஓடையில் இறங்கி ஐயாற்றில் கலக்கும். மரவள்ளிக்கு மருந்தே கூடாது என்பதல்ல. குளவி விட்ட காட்டிலும் அதைச் சுற்றியும் பூச்சிமருந்தை நிறுத்திவைக்க ஊர் கூடி முடிவெடுக்க வேண்டும் என்பதுதான்.

பப்பாளி மாவுப்பூச்சியை ஒழித்த கதை பலருக்கு நினைவிருக்கும். 2008இல் கோயம்புத்தூரில் தென்பட்ட அது பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் வாட்டியது. மருந்துக்கு அடங்காத பூச்சி, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த அசரோபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக்கு அடங்கியது. அந்த நம்பிக்கையில், "பழைய ஒட்டுண்ணியே போதுமே" என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. அது மஞ்சள் உடம்புப் பூச்சிக்கு உரியது. வெளிர் சிவப்புப் பூச்சியை அது தொடாது. வடபகுதியில் கிடைத்த ஒட்டுண்ணி ஆப்பிரிக்காவில் பயன்படாமல் போனதும் இதே காரணத்தால்தான். ஆகவே குளவி கேட்கப் போகுமுன், ஒரு பூச்சியை விரலால் நசுக்கி உடம்பின் நிறத்தைப் பார்ப்பது நல்லது. நுனி திரண்டு கோசுபோல் ஆகியிருந்தால் பெரும்பாலும் மரவள்ளி மாவுப்பூச்சியே.

குளவி வந்திருக்கிறதா என்று அறிய ஆராய்ச்சிக்கூடம் தேவையில்லை. தாக்கப்பட்ட குருத்தைப் பிரித்துப் பார்த்தால், வெள்ளைப் பூச்சிகளுக்கு நடுவே பழுப்பாகி உப்பி அசையாமல் கிடக்கும் கூடுகள் தெரியும். குளவியின் புழு உள்ளே தின்று வளர்ந்த பூச்சிகள் அவை. சிலவற்றில் குளவி வெளியேறிய துளை இருக்கும். சந்தேகமானால் அந்த நுனியை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி நிழலில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் குளவிகள் கண்ணாடியில் ஊர்வதைப் பிள்ளைகளே காட்டிவிடுவார்கள்.

பூச்சி பிடித்த நுனியை ஒடித்து எரிக்கச் சொல்வது பழைய சிபாரிசு. குளவி வராத காட்டுக்கு அது இன்றும் சரி. குளவி வந்த காட்டில் எரித்தால் குளவியும் சேர்ந்து எரியும். அங்கே பழுப்புக் கூடுகள் உள்ள நுனிகளை ஒடித்து, பூச்சி இருந்தும் குளவி இல்லாத இன்னொரு காட்டில் செடிக்குச் செடி செருகலாம். பூச்சியே இல்லாத காட்டுக்கு மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கொண்டுபோகக் கூடாது.

விதைக்குச்சி விஷயத்தில் ஒரு முறை ஏமாந்தால் ஒரு வருஷம் போயிற்று. முள்ளுவாடியானாலும் வெள்ளைத் தாய்லாந்தானாலும், மலிவாகக் கிடைக்கிறதே என்று தெரியாத காட்டுக் குச்சியை ஏற்றி வராமல், வெட்டுமுன் காட்டை நேரில் பார்த்து, சுத்தமான செடிகளைக் குறித்துவைத்து அவற்றிலிருந்தே எடுக்க வேண்டும். எறும்பு வரிசையாக ஏறும் செடியைத் தள்ளிவிடலாம். மாவுப்பூச்சி கழிக்கும் தேன்போன்ற கசிவுக்காகத்தான் எறும்பு அங்கே ஏறுகிறது.

குளவி வேண்டுவோர் வறட்சி முற்றும்வரை காத்திராமல், தை மாதமே குருத்துகளைப் பிரித்துப் பார்த்து, வட்டாரத் தோட்டக்கலை அலுவலரிடம் ஊரின் பெயரால் எழுத்தில் கேட்பது நல்லது. அடிவாரத்தார் சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்தையும், மலைமேல் உள்ளவர்கள் நாமக்கல் வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம். ஒருவர் காட்டுக்காகக் கேட்பதைவிட, வரப்பு ஒட்டிய பத்துப் பேர் மருந்தை நிறுத்திவைக்க ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுக் கேட்டால், மறுப்பதற்கு அலுவலகத்துக்கும் காரணம் இராது.