ஸ்டேட்டஸில் வராத சண்டை

திருமண நாளன்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தோளோடு தோள் உரசி நிற்கும் தம்பதியைப் பார்த்து, ‘கொடுத்துவைத்தவர்கள்’ என்று பெருமூச்சு விடுகிறோம். சிலிண்டர் புக் பண்ண மறந்ததற்காக அரை மணி முன்பு அதே வீட்டில் நடந்த சண்டை ஸ்டேட்டஸில் வராது. அதற்காக அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்லமாட்டேன். ஸ்டூடியோவில் தாஜ்மகால் திரைக்கு முன்னால், இரவல் கோட்டு மாட்டிக்கொண்டு நின்ற நம் தாத்தாக்கள் செய்ததும் இதுதான். ஆனால் அந்தப் படம் கூடத்துச் சுவரில் தொங்கியது; தூங்கப்போகும் நேரத்தில் நம் உள்ளங்கைக்கு வந்து உசுப்பேற்றவில்லை. 2015இல் ஆஸ்திரேலியாவின் எசெனா ஓ’நீல் என்ற இளம்பெண், 5 லட்சத்துக்கும் அதிகமானோர் பின்தொடர்ந்த தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் சுமார் 2,000 படங்களை அழித்தார். மிச்சம் வைத்த படங்களின் கீழே உண்மையை எழுதினார்: வயிறு ஒட்டித் தெரிவதற்காகத் திரும்பத் திரும்ப எடுத்தது, இந்த உடையைப் போட்டுக்காட்டப் பணம் வாங்கியது என்று. உடலமைப்பைத் திருத்திய விளம்பரப் படங்களில் அதைக் குறிப்பிட்டாக வேண்டும் என்று நார்வே 2021இல் சட்டமே இயற்றியது. சித்தி மகளின் கொடைக்கானல் படத்துக்கு எந்தச் சட்டமும் பொருந்தாது (பொருந்தவும் வேண்டாம்). அவள் படத்துக்கு இதயம் போட்ட கையோடு ஒரு போனும் போடுங்கள். ‘நல்லா இருக்கியாம்மா?’ என்று கேளுங்கள். பதிலுக்குக் கொஞ்சம் காத்திருங்கள்.