177-வது ஆள்

அமெரிக்கக் கால்பந்து நாம் அறிந்த கால்பந்து அன்று. நீள்வட்டப் பந்தைக் கையால் எறிய, ஓடிப் பிடித்து முன்னேறும் ஆட்டம் அது. அங்கே ஆண்டுதோறும் புதியவர்களை அணிகள் வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கின்றன. 2023-ல் பூக்கா நக்குவா தேர்வானது 177-வதாக!

லாஸ் ஏஞ்செல்ஸ் ராம்ஸ் அணியின் மூத்த வீரர் கூப்பர் கப், காயத்தால் முதல் நான்கு ஆட்டங்களில் இறங்கவில்லை. பொறுப்பு புதியவர் தலையில் விழுந்தது. முதல் ஆட்டத்தில் 10 பந்துகளைப் பிடித்தார், அடுத்ததில் 15. மூத்தவர் திரும்பிய பின்னும் இவர் இடம் பறிபோகவில்லை. பருவ முடிவில் 105 பந்துகள், 1,486 கஜம். புதியவர்களில் 1960-ல் பில் குரோமன் நிறுவிய 1,473 கஜச் சாதனை முறிந்தது. அன்று பருவத்துக்கு 14 ஆட்டம், இன்று 17 என்பதையும் சொல்வதே நியாயம். ஆயினும் சாதனை சாதனையே.

வரிசை எண் ஒரு மதிப்பீடு, தீர்ப்பு அன்று. பட்டியலின் அடியில் பெயர் இருப்பவரைத் திறமையற்றவர் என முடிவுகட்டும் மேலதிகாரிகள் இதைச் சிந்திக்க வேண்டும். மூத்தவருக்குக் காயம் பட்டால்தான் இளையவருக்கு வழி பிறக்கும் என்ற நிலை எங்கும் நல்லதல்ல. 177-வது ஆளுக்கும் முறையாகக் களம் தரட்டும். பந்தைப் பிடிப்பது அவர் பாடு.