பெயர் சொல்லாத கடிதம்

1917 நவம்பர் 2ஆம் திகதி பிரிட்டிஷ் வெளிநாட்டமைச்சர் பல்போர் எழுதிய கடிதம், பலஸ்தீனத்தில் யூதருக்கு ஒரு தேசிய இல்லம் அமைவதை ஆதரித்தது. அங்கு பெரும்பான்மையினராய் வாழ்ந்த அரபு மக்களை அது 'யூதரல்லாத சமூகங்கள்' என்றது. அவர்களுக்குக் குடியியல், மத உரிமைகள் உண்டாம். அரசியல் உரிமை பற்றிப் பேச்சேயில்லை. பிணக்கின் வேரை மதத்தில் மட்டும் தேடுவோர் அக்கடிதத்தை ஒருமுறை வாசிப்பது நன்று.

1993இல் ஒஸ்லோ உடன்பாட்டின்போதும் இதுவே நிகழ்ந்தது. இஸ்ரேல் நிலைத்திருக்கும் உரிமையை அரபாத் ஏற்றார். ராபினோ, பலஸ்தீன விடுதலை இயக்கத்தை அம்மக்களின் பிரதிநிதியாக மட்டுமே ஏற்றார். ஜெருசலேம், அகதிகள், எல்லை யாவும் பின்போடப்பட்டன. குடியேற்றங்களும்தான், ஆனால் அவை காத்திருக்கவில்லை, பெருகின. (1995இல் ராபினைக் கொன்றவன் ஒரு யூதத் தீவிரவாதி என்பதை நம்மிற் பலர் மறந்துவிடுகிறோம்.)

இரு அரசுத் தீர்வு இன்னும் சாத்தியமென்றே கருதுகிறேன். ஹமாஸ் இஸ்ரேலின் இருப்பை ஒப்பவேண்டும். இஸ்ரேலும் பலஸ்தீன அரசைப் பேச்சுவார்த்தையின் முடிவில் அல்ல, தொடக்கத்திலேயே அங்கீகரிக்கவேண்டும்.