பாம்பு ஏன் பல்லிளிக்க வேண்டும்?

அமெரிக்க டிஸ்னி கம்பெனி 2025 நவம்பரில் "ஜூடோபியா 2" என்ற கார்ட்டூன் படத்தை வெளியிட்டது. மிருகங்கள் நகரம் கட்டி வாழும் கதை; 2016-ல் வந்த படத்தின் இரண்டாம் பாகம். வசூல் 100 கோடி டாலரைத் தாண்டியது. அதில் காரி என்றொரு நீலப் பாம்பு வருகிறது. எல்லோரிடமும் ஒட்டிக்கொள்கிறது, அசட்டுத்தனமாகப் பேசுகிறது. குழந்தைகள் சிரிக்கின்றன. சிரிக்கட்டும், நமக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் அந்தப் பாம்பின் கதை என்ன? பனிப் பிரதேசமும் பாலைவனமும் ஒரே நகரில் அடுத்தடுத்து இருக்கும்படி வானிலைச் சுவர்களைக் கண்டுபிடித்தவள் அதன் கொள்ளுப்பாட்டி ஆக்னஸ். பணம் போட்டவன் லின்க்ஸ்லி என்ற காட்டுப்பூனைச் சீமான். கண்டுபிடிப்பை அவன் தன் பெயருக்குத் திருடிக்கொண்டான். அதற்குச் சாட்சியாக நின்றவள் அவன் வீட்டு வேலைக்காரி, ஓர் ஆமை. அவளைக் கொன்று, பழியைப் பாம்பின் தலையில் போட்டான். பாம்பென்றால் படையும் நடுங்கும் அல்லவா? ஊர் நம்பிவிட்டது! ஊர்வன இனமே துரத்தப்பட்டது. அவர்கள் குடியிருப்பைப் பனிகொண்டு மூடிவிட்டார்கள்.

சொத்து எப்படிச் சேர்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக நாமும் சொல்லிவிட முடியாது. அதுவரை சபாஷ்!

முடிவைப் பாருங்கள். பழைய பத்திரம் ஒன்று அகப்படுகிறது. இரண்டு போலீஸ்காரர்கள் நியாயம் வாங்கித் தருகிறார்கள். ஒரு கெட்ட குடும்பம் சிறைக்குப் போனதும் நகரம் சுத்தமாகிவிடுகிறதாம்! பறித்த நிலத்தின் மேல் இத்தனை காலம் வளர்ந்த செல்வத்துக்கு யார் கணக்குச் சொல்வது? இன்னொன்றும் கேட்கிறோம். திருடிய குடும்பம் மிடுக்காக விருந்து நடத்துகிறது. பறிகொடுத்தவனோ "நான் கடிக்கமாட்டேன்" என்று ஒவ்வொருவரிடமும் பல்லிளித்து நிரூபிக்க வேண்டியிருக்கிறது. கோபப்படும் பாம்புக்கு நியாயம் கிடையாதா?

படம் எடுத்த கம்பெனியின் சரித்திரமும் சுவையானது. 1941 மே மாதம் அதன் ஸ்டூடியோவில் சித்திரத் தொழிலாளர் நூற்றுக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலியில் பாரபட்சம்; வரைந்தவர் பெயர் பலருக்குத் திரையில் வருவதில்லை. சங்கத்தில் முன்நின்ற ஆர்ட் பாபிட் என்ற பேர்பெற்ற சித்திரக்காரரை முதலாளி வேலையிலிருந்து நீக்கியிருந்தார். தொழிலாளர் விட்டுக்கொடுக்கவில்லை, கடைசியில் சங்கத்தைக் கம்பெனி அங்கீகரிக்க நேர்ந்தது. வால்ட் டிஸ்னி அதை மறக்கவில்லை. 1947 அக்டோபர் 24-ந் தேதி அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக் கமிட்டியின் முன் சென்று, அது கம்யூனிஸ்டுகளின் வேலை என்று பெயர் சொல்லிச் சாட்சி கூறினார்.

பாம்பின் தலையில் பழி போடுவது எப்படி என்று இந்தக் கம்பெனிக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.