மாற்றும் தண்ணீரிலேயே நைட்ரேட் இருந்தால்?

தொட்டித் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது. ஃபில்டர் ஓடுகிறது. மூன்று வருடமாக இருக்கும் கோல்டு ஃபிஷ் ஜம்மென்று நீந்துகிறது. நேற்று முன்தினம் வாங்கி விட்ட புது மீன் மட்டும் காலையில் செத்து மிதக்கிறது. கடலூர் மஞ்சக்குப்பமோ சிதம்பரம் மேலவீதியோ, மீன் கடைகளில் அடிக்கடி நடக்கும் பேச்சு இது:

"அண்ணே, நீங்க குடுத்த மீனு ரெண்டே நாள்ல போயிடுச்சு."

"பழைய மீனு நல்லாத்தானே இருக்கு தம்பி? அப்போ தண்ணியப் பாரு."

கடைக்காரர் தப்பிக்கப் பார்க்கிறார் என்றுதான் தோன்றும். பல நேரம் அவர் சொல்வதுதான் சரி. பழைய மீன் மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கெட்ட தண்ணீருக்குப் பழகிவிட்டது. புதுசுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

மீனின் கழிவும், தின்னாமல் அடியில் தங்கிய தீனியும் அழுகி அம்மோனியா ஆகிறது. ஃபில்டர் பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் கடும் விஷம். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை. ஆனால் அது தானாக எங்கேயும் போகாது. சாதாரண ஃபில்டர் நைட்ரேட்டை நீக்கும் என்று நினைப்பது தவறு. அது தயாராகும் இடமே அந்தப் பஞ்சுதான்.

லிட்டருக்கு 20 மில்லிகிராம் வரை கவலையில்லை. 40ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். கவனிக்காத தொட்டிகளில் 80, 100 என்று ஏறிவிடும். பாசி அப்பும், மீன் மந்தமாகும், குஞ்சுகள் தங்காது. அளப்பதற்குச் சொட்டு மருந்து டெஸ்ட் கிட் கடைகளில் கிடைக்கிறது. நைட்ரேட் கிட்டில் ஒரு பாட்டிலின் மருந்து அடியில் படிந்துவிடும் தன்மையுள்ளது. அதை அரை நிமிடமாவது பலமாகக் குலுக்காவிட்டால் அளவு குறைவாகக் காட்டி ஏமாற்றிவிடும்.

அளவு ஏறியிருந்தால் பதறிப்போய் ஒரே நாளில் முழுத் தண்ணீரையும் கொட்டக்கூடாது. பழகிய மீனுக்கும் அது அதிர்ச்சி. நான்கில் ஒரு பங்கு, இரண்டு மூன்று நாள் கழித்து இன்னொரு கால் பங்கு என்று போகலாம். டியூப் வைத்துக் கல்லுக்கு அடியில் இருக்கும் கசடை உறிஞ்சி எடுப்பது முக்கியம். ஃபில்டர் பஞ்சை, வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசினால் போதும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவினால் நல்ல பாக்டீரியாவும் செத்துவிடும். தீனியையும் பாதியாகக் குறைக்கலாம். வீட்டில் ஆளாளுக்கு ஒரு சிட்டிகை போடுவதுதான் பாதி நைட்ரேட்டுக்குக் காரணம்.

இவ்வளவும் செய்தும் சில வீடுகளில் அளவு இறங்காது. அப்போது செய்ய வேண்டியது, அதே கிட்டில் போர் தண்ணீரை அளந்து பார்ப்பது. தொட்டியில் 80, போர் தண்ணீரில் 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதித் தண்ணீரை மாற்றினால் 60 ஆகும். எத்தனை முறை மாற்றினாலும் 40க்குக் கீழே போகவே போகாது.

இது கற்பனைக் கணக்கு என்று ஒதுக்க முடியாது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024ஆம் ஆண்டு தர அறிக்கையில், தமிழகத்தில் சோதித்த மாதிரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குடிநீருக்கான நைட்ரேட் வரம்பைத் தாண்டியிருந்தன. வயலுக்குப் போடும் யூரியாவில் பயிர் எடுத்ததுபோக மிஞ்சியது மழையோடு மண்ணுக்குள் இறங்குகிறது. செப்டிக் டேங்க் கசிவும் மாட்டுச்சாணக் குப்பையும் கூடவே சேர்கின்றன. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் ஆய்வாளர்கள் வெள்ளாற்று முகத்துவாரத்தைப் பல காலமாக அளந்து வருகிறார்கள். அங்கே மழைக்காலத்தில் நைட்ரேட் கூடுகிறது, கோடையில் குறைகிறது. வெள்ளம் வயலையும் ஊரையும் கழுவிக்கொண்டு வருவதே அதற்குக் காரணம்.

குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். மீனுக்காக வாங்கிய கிட், வீட்டுப் போரில் அதைவிட அதிகம் காட்டினால் முதலில் யோசிக்க வேண்டியது வீட்டில் இருக்கும் கைக்குழந்தையை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் பவுடர் கலக்கிக் கொடுத்தால், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கலாம். 1945இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஹண்டர் காம்லி என்ற மருத்துவர், கிணற்றுத் தண்ணீரோடு இதைத் தொடர்புபடுத்தி எழுதினார். "நாங்க நல்லா காய்ச்சித்தான் குடுக்கிறோம்" என்பது இங்கே உதவாது. காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். வீட்டு கிட் காட்டுவது தோராயம்தான். சந்தேகம் வந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து உறுதிசெய்யலாம்.

தொட்டிக்கு வருவோம். ஆர்.ஓ. தண்ணீரில் நைட்ரேட் பெருமளவு குறைந்துவிடும். ஆனால் தாதுக்களும் போய்விடுவதால் அதை மட்டும் ஊற்றக்கூடாது. போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலக்க வேண்டும். 40 இருந்த போர் தண்ணீர் ஏறக்குறைய 20க்கு வந்துவிடும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்க மனசில்லாமல் தொட்டியில் ஊற்றுபவர்கள் உண்டு. நீக்கிய நைட்ரேட் எல்லாம் அதில்தான் இருக்கிறது! ஐப்பசி, கார்த்திகையில் மாடியில் பிடிக்கும் மழைத்தண்ணீர் இன்னும் மலிவு. முதல் மழையைத் தளம் கழுவ விட்டுவிட்டு, அடுத்த மழையை டிரம்மில் பிடித்து மூடி வைத்து, இதையும் கலந்தே ஊற்ற வேண்டும்.

அடுத்த உதவி செடிகள். கொல்லையில் இருக்கும் மணி பிளான்ட் கொடியில் இரண்டு துண்டு வெட்டி, இலை வெளியேயும் வேர் தண்ணீரிலும் இருக்கும்படி தொட்டி விளிம்பில் செருகினால் போதும். வேர் விட்டு வளர வளர நைட்ரேட்டை இழுத்துக்கொள்ளும். குளம், வாய்க்காலில் கிடைக்கும் வேலம்பாசியும் வேகமாக உறிஞ்சும். அதோடு நத்தையும் தும்பிப் புழுவும் வரும் என்பதால் ஒரு வாரம் தனி வாளியில் வைத்துப் பார்த்துவிட்டு விடலாம். கோல்டு ஃபிஷ் இருக்கும் தொட்டியில் வேலம்பாசி ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது, தின்று தீர்த்துவிடும். அங்கே மணி பிளான்ட்தான் சரி.

செடி வைத்துவிட்டு அப்படியே விட்டால் பழுத்த இலை தண்ணீரிலேயே அழுகி, உறிஞ்சிய நைட்ரேட்டைத் திரும்பத் தொட்டியிலேயே கொட்டும். வளர்ந்ததை வாராவாரம் நறுக்கி வெளியே எடுத்து ரோஜாச் செடியின் அடியில் போட்டுவிடலாம்.