இருமுற குதிரைக்கு என்ன விரிக்கிறது?

ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் குதிரை வாங்க வர்றவங்க சுழி பாப்பாங்க, பல்லைப் புடிச்சு வயசு பாப்பாங்க, நடக்க விட்டுக் கால் பாப்பாங்க. வீட்டுக்குக் கொண்டாந்த பிறகு அது எதுமேல படுக்கப் போகுதுன்னு யோசிக்கிறவங்க கம்மிங்க. கட்டுத்தரையில மாட்டுக்குக் கிடக்கிற வைக்கோலையே குதிரைக்கும் உதறி விட்டுடுறோம். நல்லா இருக்கிற குதிரை அதைத் தாங்கிக்கும். தூசி ஒத்துக்காத குதிரை தாங்காது. எங்ககிட்ட இருக்கிற பெண்குதிரை அந்த ரகம். அதனால இந்த விஷயத்துல எனக்கு உறுதியான கருத்து ஒண்ணு உண்டு: இருமுற குதிரைக்கு வைக்கோல் விரிக்கிறது சிக்கனமே இல்லை.

காரணம் சொல்றேன். குதிரையால நம்மள மாதிரி வாயால மூச்சு விட முடியாது, மூக்கு ஒண்ணுதான் வழி. பெரிய தூசி மூக்கிலயே தங்கிடும். 5 மைக்ரானுக்கும் சிறுசா இருக்கிறது நேரா நுரையீரல் வரைக்கும் போகும். வைக்கோல்ல இருக்கிற பூஞ்சை வித்து இந்த அளவுல வர்றதுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில போர் நனைஞ்சு, உள்ளுக்குள்ள புழுங்கின வைக்கோலைப் பிரிச்சா புகை மாதிரி கிளம்புமே, அதுல பாதி பூஞ்சைதான். இந்த நோயைத்தான் கால்நடை டாக்டருங்க குதிரை ஆஸ்துமான்னு சொல்றாங்க. தீனி தின்னும்போது இருமும், ஓட்டம் எடுத்ததும் இருமும். சும்மா நிக்கிற குதிரை நிமிஷத்துக்கு 8 முதல் 16 தடவை மூச்சு விடணும். அது கூடும், மூச்சு விட வயிறு எக்கும். காய்ச்சலும் சேர்ந்து இருந்தா அது வேற தொற்று, உடனே டாக்டரைக் கூப்பிடுங்க. ஊசி போட்டா இழைப்பு அடங்கும், மறுக்கலை. ஆனா தூசி அங்கயே கிடந்தா இழைப்பும் திரும்பி வரும்.

சரி, வேற என்ன விரிக்கலாம்?

நெல் உமி மலிவுதான். ஆனா ஈரத்தை உறிஞ்சாது, தூசியும் உண்டு. கடலைத் தொப்பியில பூஞ்சை பயம். மரத்தூளை அறுவை மில்லுல மூட்டை மூட்டையா தருவாங்க, அந்த நைஸ் தூள்தான் இருக்கிறதிலேயே மோசம். இழைப்புளியில சுருண்டு விழுற சீவல் நல்லது, ஆனா பிளைவுட் அறுக்கிற பட்டறையில வாங்காதீங்க, அதுல பசை கலந்திருக்கும். மணல்ல தூசி கம்மிதான். அதுமேல தீனி போட்டா மணலும் சேர்ந்து வயித்துக்குள்ள போய் வலி வரும்.

நான் கைகாட்டுறது ரெண்டு: அடியில ரப்பர் பாய், மேல தென்னை நார்த்தூள்.

மாட்டுக்குன்னு விக்கிற ரப்பர் பாய் ஆறரை அடிக்கு 4 அடி இருக்கும். 10க்கு 10 கொட்டகைக்கு நாலு பாய் போதும். வாங்குறப்போ பணம் கடிக்கும், உண்மைதான். ஆனா ஒரு தடவை போட்டா பல வருஷம் கிடக்கும், மேல விரிக்கிறதும் கொஞ்சமே போதும். பாய் மட்டும் போட்டு விட்டுடலாமான்னு கேப்பாங்க. கூடாதுங்க. மூத்திரம் தேங்கும், அமோனியா நெடி கிளம்பும். குதிரை படுத்தா மூக்கு தரையிலதானே இருக்கு? அந்த நெடியும் நுரையீரலை அரிக்கும். அதனால தரைக்கு வாட்டம் வேணும், மேல உறிஞ்சுறதுக்கு ஒண்ணு வேணும்.

அந்த வேலையை நார்த்தூள் செய்யும். தன் எடையைப் போல பல மடங்கு தண்ணி குடிக்கும். பொள்ளாச்சி, காங்கேயம் பக்கம் நார் மில்லுக்குப் பஞ்சமே இல்லை. 5 கிலோ கட்டி ஒண்ணை நனைச்சா கிட்டத்தட்ட 70 லிட்டர் தூள் வரும். 10க்கு 10 இடத்துல ஒரு அங்குலம் பரப்ப நாலு கட்டி போதும், கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரே ஒரு நிபந்தனை: காஞ்சு போனா நார்த்தூளும் பறக்கும். கையில பிடிச்சா லேசா குளிரணும், பிழிஞ்சா தண்ணி சொட்டக் கூடாது. சித்திரை வெயில்ல தினமும் பூவாளியில தெளிக்கணும்.

எதை வாங்கினாலும் ஒரு சோதனை பண்ணுங்க. ஓட்டுச் சந்துல வெயில் கீத்து விழுற இடத்துல ஒரு கைப்பிடி எடுத்து உதறுங்க. வெளிச்சத்துல மிதக்கிறதுதான் உங்க குதிரை மூச்சுல போகப் போறது. கடைக்காரர் பேச்சை விட அந்தக் கீத்தை நம்பலாம்.

செலவுக் கணக்குலயும் நம்மாளுங்க பாதியைத்தான் பாக்கறாங்க. மூட்டை என்ன விலைன்னு கேக்கறோம், தினமும் எவ்வளவு அள்ளிக் கொட்டுறோம்னு பாக்கறதில்லை. சாணம் கிடக்கிற இடத்தையும் நனைஞ்ச இடத்தையும் மட்டும் அள்ளினா நார்த்தூள் நாள்பட நிக்கும். அள்ளினதும் வீணில்லை. பச்சை நார்த்தூளை அப்படியே வயல்ல போட்டா மண்ணுல இருக்கிற தழைச்சத்தை இழுத்துக்கும். அதனாலதான் வேளாண் பல்கலைக்கழகம் அதை மக்க வைக்க ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் காளான் வித்தும் சேர்க்கச் சொல்லுது. கொட்டகையில கிடந்த தூள்ல மூத்திரமும் சாணமும் ஏற்கெனவே ஊறி இருக்கே! குப்பைக்குழியில நல்லா மக்க விட்டுத் தென்னைக்கு வைங்க.

கடைசியா ஒண்ணு. இவ்வளவும் பண்ணிட்டு, தூசி பறக்கிற காஞ்ச சோளத்தட்டை மூக்கு உயரத்துல கட்டி வச்சா எல்லாம் பாழ். தட்டை நறுக்கி அரை மணி நேரம் தண்ணியில போட்டு, அன்னைக்கே குடுத்துடுங்க. தவிட்டைப் பிசறி வைங்க. தீனியைத் தாழ வச்சா குனிஞ்சு தின்னும், சளியும் வடியும். கூட்டும்போது குதிரையை வெளிய கட்டுங்க, தூசி அடங்கின பிறகு உள்ள கொண்டு வாங்க. பக்கத்துல வைக்கோல் போர் இருந்தா அதையும் தள்ளி வைங்க.

"இருமுது, வர்ற சந்தையில தள்ளிவிட்டுடு"ன்னு சொல்ற ஆளுங்க ஊர்ல உண்டு. வாங்குறவன் வீட்டுலயும் அதே வைக்கோல்தான் கிடக்கும், குதிரை அங்கயும் இருமும். விக்கிறதுக்கு முன்னாடி தரையை மாத்திப் பாருங்க.