சிங்கம் ஏன் எங்கள் ஊர்த் தமிழ் பேசுவதில்லை?

பேசும் விலங்குகளைப் பற்றிய ஓர் அசைபடத்தின் மீது கோபம் கொள்வது நாற்பதைக் கடந்த தமிழாசிரியருக்கு அழகா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ‘குழந்தைகள் பார்த்துச் சிரிக்கிற படம், இதில் போய் இலக்கணம் தேடுகிறீர்களே’ என்பது அவர்களின் ஏளனம். நாம் இலக்கணம் தேடவில்லை. சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று தேடினோம். கண்டதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

2019 ஜூலையில் டிஸ்னியின் ‘தி லயன் கிங்’ ஆங்கிலத்தோடு இந்தி, தமிழ், தெலுங்கிலும் இந்தியத் திரைகளுக்கு வந்தது. 1994இல் கையால் வரைந்து சொல்லப்பட்ட அதே கதை, இம்முறை கணினியில் மெய்விலங்குகளைப் போலவே தீட்டப்பட்டிருந்தது. தமிழில் இளவரசன் சிம்பாவுக்குச் சித்தார்த்தும், அவன் சிற்றப்பன் ஸ்காருக்கு அரவிந்த்சாமியும், நாலாவுக்கு ஐஸ்வர்யா ராஜேஷும் குரல் கொடுத்தனர். அரசவைப் பறவை ஸாஸுவுக்கு மனோபாலா. டிமோன் என்னும் கீரியினத்துச் சிறுவிலங்குக்குச் சிங்கம்புலி. பெயரிலேயே சிங்கத்தையும் புலியையும் சுமப்பவருக்குக் கீரி வேடம் கொடுத்ததை நாமும் ரசித்தோம். பும்பா என்னும் காட்டுப்பன்றிக்கு ரோபோ சங்கர். மனோபாலா 2023இலும் ரோபோ சங்கர் 2025இலும் மறைந்துவிட்டனர். கலைஞர்களாக அவர்கள் மீது நமக்கு எந்தக் குறையும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தரப்பட்ட இடத்தில் அவர்கள் நன்றாகவே செய்தார்கள். நம் வழக்கு அந்த இடத்தைப் பற்றியது.

படத்தைக் காதால் மட்டும் கேட்டுப் பாருங்கள். சிங்கங்கள் பேசும் தமிழ் எந்த ஊருக்கும் உரியதன்று. மேடைத் தமிழுக்குச் சற்றுக் கீழே, செய்தி வாசிப்புக்குச் சற்று அருகே நிற்கும் ஒரு பொதுத்தமிழ் அது. நல்ல அரசனுக்கும் அதுதான், அரசைக் கவர்ந்த துரோகிக்கும் அதுதான். பன்றியும் கீரியும் வாய் திறந்ததும் தமிழ் தென்மாவட்டத்துக்கு இறங்கிவிடுகிறது. இழுவை, செல்லத் திட்டு, திரைப்பட நகைச்சுவையின் பழகிய சொற்கள் எல்லாம் வந்துவிடுகின்றன. அரங்கு சிரிக்கிறது. அதிகாரம் உள்ளவனுக்கு ஊர் இல்லாத தமிழ், அதிகாரம் இல்லாதவனுக்கு ஊர்த் தமிழ் என்பது அந்தக் காட்டின் சட்டம்.

ஆயக்குடியில் இருந்துகொண்டு இதைக் கேட்பதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. பழனிக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் இடையில் உள்ள எங்கள் ஊரை வெளியூரார் கொய்யாவைக் கொண்டு அறிவார்கள். காலையில் கொய்யாச் சந்தையில் நின்றால் இரண்டு தமிழ்கள் மோதுவதைக் கேட்கலாம். மேற்கிலிருந்து கொங்கின் ‘ங்க’ வருகிறது, கிழக்கிலிருந்து மதுரையின் இழுவை வருகிறது. இரண்டும் கலந்ததுதான் எங்கள் வீட்டுப் பேச்சு. எம் தாயார் அதைத் தவிர வேறு தமிழ் அறியார்.

அந்தப் படம் பின்னர் எங்கள் வீட்டுத் திரையில் ஓடியபோது எம் மகளுக்கு ஆறு வயது. பும்பா பேசப் பேச உருண்டு சிரித்தவள், திடீரென்று திரும்பி, ‘அப்பத்தா, இந்தப் பன்னி உங்கள மாதிரியே பேசுது’ என்றாள். எம் தாயார் சிறிதும் வருந்தவில்லை. ‘ஆமா சாமி, பன்னி பேசுனா நம்மளாட்டந்தான் பேசும்’ என்று அவரும் சேர்ந்து சிரித்தார். நாமும் சிரித்தோம். சில மாதங்கள் கழித்து, பள்ளி வாசலுக்கு அழைத்துப்போக வரும் அப்பத்தா தன் தோழிகள் முன்னால் பேச வேண்டாம், வெறுமனே நின்றால் போதும் என்று அவள் எம்மிடம் கேட்டுக்கொண்டபோதுதான் அந்தச் சிரிப்பு தொண்டையில் நின்றது. ஒரு படத்தால் மட்டும் இது நிகழ்ந்தது என்று சொல்லும் அளவுக்கு நாம் மூடர் அல்லோம். பாடநூலும் தொலைக்காட்சியும், வகுப்பறையில் தாமும் அதே பொதுத்தமிழில் பேசும் எம் போன்றோரும் இதற்குக் கூட்டாளிகளே. ஆனால் குழந்தை தன் பாட்டியின் பேச்சுக்கு ஓர் உருவம் தேடியபோது, அவளுக்கு ஒரு பன்றியை எடுத்துக்கொடுத்தது அந்தப் படந்தான்.

நண்பர் ஒருவர் வலுவான மறுப்பு ஒன்றைச் சொன்னார். ‘மூலத்திலேயே அப்படித்தானே? 1994 படத்தில் டிமோனுக்கும் பும்பாவுக்கும் பேசியவர்கள் நியூயார்க் மேடை நடிகர்கள். தமிழ்ப்படுத்தியவர்கள் இணையான ஒன்றைத் தேடியிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பு நேர்மைதானே இது?’ நேர்மைதான், பாதி நேர்மை. நியூயார்க்கின் பேச்சுக்கு அமெரிக்காவில் கேலி உண்டு, கூடவே செல்வமும் செய்தித்தாளும் நாடகமேடையும் உண்டு. அந்த நகரத்துப் பிள்ளை தன் பேச்சைக் கேட்டுச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஒட்டன்சத்திரத்துப் பேச்சுக்குத் திரையில் பன்றி வேடம் தவிர வேறு வேடம் இருந்தால் நாமும் அப்படியே போயிருப்போம். அமெரிக்கர்களே இந்தக் கணக்கைப் பார்க்காமல் விடவில்லை. மொழியியலாளர் ரோசினா லிப்பி கிரீன் 1997இல் வெளியான தம் நூலில், டிஸ்னியின் 24 முழுநீள அசைபடங்களின் பாத்திரங்களைப் பேச்சுச் சாயலைக் கொண்டு ஆராய்ந்தார். அமெரிக்கச் சாயலில் ஆங்கிலம் பேசும் பாத்திரங்களோடு ஒப்பிட, பிறமொழிச் சாயலோடு பேசும் பாத்திரங்களில் தீயவர்களின் பங்கு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. ‘தி லயன் கிங்’ முதலில் வந்தபோதே அதன் கழுதைப்புலிகளின் பேச்சு நகரச் சேரிவாழ் கறுப்பின, லத்தீன் மக்களை நினைவூட்டுகிறது என்ற கண்டனமும் எழுந்தது. மூலத்தில் இருக்கும் ஒரு நோயையும் அப்படியே பெயர்ப்பதுதான் நேர்மை என்றால், அந்த நேர்மை நமக்கு வேண்டாம்.

இன்னும் அருகே வருவோம். 2008இல் யஷ்ராஜும் டிஸ்னியும் சேர்ந்து ‘ரோட்சைடு ரோமியோ’ என்ற இந்தி அசைபடத்தை எடுத்தார்கள். மும்பைத் தெருநாய்களின் கதை. அந்தத் தெருவை ஆளும் ரவுடி நாயின் பெயர் சார்லி அண்ணா. ஜாவேத் ஜாஃப்ரி அதற்குக் கொடுத்த குரல் தென்னிந்தியர் பேசும் இந்தி. ‘வடக்கத்தியானுக்கு நாமென்றால் கேலி’ என்று கொதிக்க நமக்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? கொதிப்போம். கொதித்த வாயாலேயே நம் படத்தில் பன்றிக்கு மதுரைப் பேச்சும் சிங்கத்துக்குச் சென்னை ஒலிப்பதிவுக் கூடத்துத் தமிழும் கொடுப்போம். மும்பை நமக்குச் செய்ததைச் சென்னை திண்டுக்கல்லுக்குச் செய்கிறது. சாயல் கேலியில் ஒவ்வொருவனுக்கும் கீழே ஒருவன் இருக்கிறான் போலும்.

இந்த ஏற்பாடு பழையதுதானே என்று இலக்கியம் கற்றவர்கள் கேட்கலாம். வடமொழி நாடகத்தில் அரசன் சமஸ்கிருதம் பேசுவான், விதூடகனும் பெண்டிரும் பிராகிருதம் பேசுவார்கள். உண்மை. நம் தெருக்கூத்திலும் அரசன் பாட்டும் வசனமுமாக உயர்ந்து ஒலிக்க, கட்டியங்காரன் பேச்சுத் தமிழில் வருவான். ஆனால் கட்டியங்காரன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். திரைக்குப் பின்னால் நிற்கும் அரசனை ‘நீர் யார், எங்கிருந்து வந்தீர்’ என்று விசாரிக்கிறான். அரசன் சொன்னதை ஊராருக்கு உடைத்துச் சொல்கிறான், இடையிடையே அரசனையே கிண்டலும் செய்கிறான். அவன் பேச்சுக்கு அங்கே ஓர் அதிகாரம் இருக்கிறது. காட்டுப்பன்றியின் தமிழுக்கு அரசனைக் கேள்வி கேட்கும் அந்த வேலை தரப்படவில்லை. சிம்பா துயரத்தில் இருக்கும்போது அவனைத் தேற்றுவதும், அவன் அரசாளத் திரும்பியதும் கூடவே ஓடுவதும் அதன் கடமை.

விலங்குகளைப் பேசவைப்பதில் தமிழ் யாருக்கும் இளைத்ததன்று. தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து 1826இல் தமிழாக்கிய பஞ்சதந்திரத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும், அங்கே காட்டுக்கு அரசன் பிங்களகன் என்ற சிங்கம், ஆனால் பேசத் தெரிந்தவர்கள் கரடகன், தமனகன் என்ற நரிகள். சிங்கம் உறுமும், நரி நாவாடும். கிணற்றில் தன் நிழலைக் கண்டு சிங்கம் பாய்ந்தது ஒரு முயலின் சொல்லை நம்பி. மெலியவனுக்குச் சொல்தான் ஆயுதம் என்ற அந்தக் கதைகளில் எந்த விலங்குக்கும் தாழ்ந்த தமிழ் தரப்படவில்லை. எல்லாம் ஒரே நடையில் பேசின.

பாரதியின் ‘குயில் பாட்டு’ இன்னும் ஒரு படி மேலே. குயில் ஒரு குரங்கிடமும் பிறகு ஒரு மாட்டிடமும் காதல் மொழி பேசும் பகுதிகளை வகுப்பில் நடத்தும்போது பின்வரிசை மாணவனும் சிரிக்காமல் இருந்து நாம் கண்டதில்லை. அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது? காவிய நாயகனுக்குரிய உயர்தமிழ், குரங்கின் வாலுக்குச் சூட்டப்படுவதிலிருந்து வருகிறது. உயர்ந்த தமிழைக் கொண்டே சிரிக்கவைத்தான் அவன். நகைச்சுவை வேண்டுமென்றால் ஊர்ப்பேச்சை இழுத்துவந்தாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அவனுடைய ‘காக்காய் பார்லிமெண்ட்’ காகங்களும் அவையில் பேசுகின்றன. வாசகன் சிரிப்பது மனிதரின் அரசியலைப் பார்த்து.

ஏடறியாத எம் தாயாரின் கதைகளிலும் இதே நிலைதான். அவருடைய சிங்கம், ‘ஏங்கண்ணு, இத்தன நேரமா எங்க போயிருந்த’ என்று முயலைக் கேட்கும். முயலும் அதே பேச்சில் பதில் சொல்லும். கதை சொல்பவரின் பேச்சுத்தான் காடு முழுவதற்கும் பேச்சு. அந்தக் காட்டில் ஒரு விலங்கு நன்றாகப் பேசுகிறது, இன்னொன்று மட்டமாகப் பேசுகிறது என்ற எண்ணம் எங்கள் பிள்ளைப் பருவத்தில் எமக்குத் தோன்றியதே இல்லை.

‘வட்டாரத் தமிழ் டிஸ்னி படத்தில் ஒலிக்கிறதே, அதுவே வெற்றியல்லவா’ என்று வேறொரு நண்பர் மகிழ்ந்தார். அவருக்கு ஓர் ஆண்டுக் கணக்கைச் சொன்னோம். கொங்குப் பேச்சை வைத்து ஆர். சண்முகசுந்தரம் ‘நாகம்மாள்’ நாவலை வெளியிட்டது 1942. ஒரு கைம்பெண்ணின் பங்குநிலக் கோபமும் அதன் குருதி முடிவும் அந்தப் பேச்சில் சொல்லப்பட்டன, ஒருவரும் சிரிக்கவில்லை. கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ 1976. ஓர் ஊரின் பிறப்பையும் இடப்பெயர்ச்சியையும் கரிசல் பேச்சு தாங்கி நின்றது. வட்டாரத் தமிழ் துயரத்தையும் சினத்தையும் சுமக்கும் என்று இலக்கியம் நிறுவி எழுபத்தேழு ஆண்டுகள் கழித்து, 2019இல், அதைத் திரும்பவும் கோமாளியின் தோளில் ஏற்றியிருக்கிறோம். இதை வெற்றி என்று கொண்டாட எமக்கு மனம் வரவில்லை.

எங்கள் பகுதிக்கு இதில் ஒரு பழைய கதையும் உண்டு. பழனி மலைதான் சங்கப் பாடல்களின் பொதினி. அதன் தலைவன் வையாவிக் கோப்பெரும் பேகன், மயில் குளிரால் நடுங்குகிறது என்றெண்ணித் தன் போர்வையை அதற்குக் கொடுத்தவன். கடையெழு வள்ளல்களில் ஒருவனாக அவனைப் பள்ளிப்பிள்ளையும் அறியும். அதே பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தான் என்பதைப் பாடநூல்கள் அவ்வளவு விரும்பிச் சொல்வதில்லை. கபிலரும் பரணரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்க் கிழாரும் அவளுக்காக அவனிடம் வாதாடிய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. பேசாத மயிலின் குளிர் கேட்டது, வீட்டில் இருந்தவளின் குரல் கேட்கவில்லை. பேகனின் மலையடிவாரத்தில் இருந்துகொண்டு பும்பாவின் பேச்சுக்குக் கைதட்டியபோது நாமும் அவன் குடிமக்கள்தாம் என்று தோன்றியது.

நாம் கேட்பது பெரிதொன்றும் இல்லை. பன்றிக்கு மதுரைப் பேச்சு வேண்டாம் என்று சொல்லவில்லை, அது அழகாகவே பேசுகிறது. அடுத்த முறை முஃபாசா தன் மகனை மலையுச்சிக்கு அழைத்துப்போய் ஆட்சியைப் பற்றிச் சொல்லும்போது, அந்தப் பேச்சில் ஏதேனும் ஓர் ஊரின் மண் ஒட்டியிருக்கட்டும். நெல்லையோ தஞ்சையோ கோவையோ எதுவாகவும் இருக்கலாம். தகப்பன் மகனுக்குச் சாவைப் பற்றிச் சொல்லும் பேச்சு நம் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறது, அதைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை. மொழிமாற்ற வசனம் எழுதுபவர்கள் ஒருமுறை அதைச் செய்து பார்க்கட்டும். அரங்கு சிரித்தால் எம் வாதத்தை விட்டுவிடுகிறோம்.

2024 டிசம்பரில் ‘முஃபாசா’ வந்தது. அர்ஜுன் தாஸும் அசோக் செல்வனும் சிங்கங்களுக்குப் பேசினார்கள். பன்றியும் கீரியும் பழைய குரல்களோடு கதை கேட்பவர்களாக வந்துபோயின. எம் மகள் தோழிகளோடு பார்த்துவிட்டு வந்தாள். திண்ணையில் கொய்யாவைப் பழுத்தது, செங்காய் என்று பிரித்துக்கொண்டிருந்த எம் தாயார், ‘பன்னி வந்துச்சா கண்ணு?’ என்றார். வந்தது என்றாள். ‘என்ன பேசுச்சு?’ அவள் எழுந்து நின்று பும்பாவாகவே பேசிக்காட்டினாள். இழுவையும் கையசைவும் அப்படியே எம் தாயாருடையவை, ஒரு சொல் பிசகவில்லை. அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ‘சிங்கம் என்ன சொல்லுச்சு?’ என்று பிறகு கேட்டார். மகள் சிறிது நேரம் யோசித்தாள். ‘ஏதோ சொல்லுச்சு அப்பத்தா, ஞாபகம் இல்ல’ என்றாள், தொலைக்காட்சித் தமிழில். பன்றியின் பேச்சை அவள் நடித்துக்காட்டிப் பார்த்திருக்கிறோம். அந்தப் பேச்சில் அவள் தானாகப் பேசிக் கேட்டு நான்கைந்து ஆண்டுகள் ஆகின்றன.